புரோட்டானுக்குள் இல்லாத கனமான குவார்க் மோதலில் எங்கிருந்து வருகிறது?

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். டர்பனில் இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாராம். கேள்வி நீளம், சாரம் இதுதான்: "புரோட்டானுக்குள் இரண்டு அப், ஒரு டவுன், மொத்தம் மூன்றே குவார்க். இரண்டு புரோட்டானை மோதவிட்டால் சார்ம், பாட்டம், டாப் என்று கனமான குவார்க் வகை எல்லாம் வருகிறது என்கிறார்கள். டாப் ஒன்றே புரோட்டானைவிட நூற்றெண்பது மடங்குக்கு மேல் கனம். இரண்டு லிச்சி மோதி பலாப்பழம் விழுந்த கதையாக இருக்கிறதே? ஏற்கெனவே உள்ளே ஒளிந்திருந்ததா? எத்தனை வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியுமா? இதில் தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு செய்வதற்கு என்ன இருக்கிறது?"

நான் கேப்டவுனில் இந்த வகைத் தரவுகளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவன். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லிச்சி உதாரணம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓரிடத்தில் தடுக்கும். பழத்தை எவ்வளவு வேகமாக எறிந்தாலும், கை கொடுக்கும் ஆற்றல் அந்தப் பழத்தின் நிறைக்குள் இருக்கும் ஆற்றலுக்கு முன் ஒன்றுமே இல்லை. செர்ன் ஆய்வகத்தின் எல்.எச்.சி. முடுக்கியில் நிலைமை தலைகீழ். இந்தத் துறையில் நிறையையும் ஆற்றலையும் ஒரே அலகில் சொல்வது வழக்கம்: ஜிகா எலக்ட்ரான்வோல்ட், சுருக்கமாக ஜி.இ.வி. அதில் ஆயிரம் சேர்ந்தால் ஒரு டி.இ.வி. புரோட்டானின் நிறை 0.938 ஜி.இ.வி. ஜெனீவாவுக்குப் பக்கத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள அந்தச் சுரங்கத்தில் 2022 முதல் ஒவ்வொரு புரோட்டானும் 6,800 ஜி.இ.வி. ஆற்றலோடு எதிரெதிரே வருகிறது. தன் சொந்த நிறையைப் போல ஏழாயிரம் மடங்குக்கு மேல். சார்ம் குவார்க்கின் நிறை சுமார் 1.3 ஜி.இ.வி., பாட்டம் 4.2, டாப் 172.5. இரண்டு டாப் பிறக்க 345 ஜி.இ.வி. வேண்டும், கையிருப்போ 13,600. ஆக, நிறை எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் இல்லை. ஓட்டத்தின் ஆற்றல்தான் நிறையாக மாறுகிறது.

ஒப்பிட நம் ஊர் இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளலாம். கேப்டவுனுக்கு வெளியே ஃபோர் பகுதியில் இருக்கிற ஐதெம்பா ஆய்வகத்தின் பெரிய சைக்ளோட்ரான் புரோட்டானை 200 மெகா எலக்ட்ரான்வோல்ட் வரை, அதாவது 0.2 ஜி.இ.வி. வரை முடுக்கும். அதை அசையாமல் நிற்கும் ஒரு தனிப் புரோட்டான்மேல் மோதினால் பையான் என்ற லேசான துகள்கூடப் பிறக்காது. அதற்கே 280 மெகா அளவுக்கு வேண்டும். மருத்துவ ஐசோடோப்பு செய்யவும் அணுக்கருவை ஆராயவும் அருமையான இயந்திரம் அது. சார்ம் வேண்டுமென்றால் வேறு வீடு பார்க்க வேண்டும்.

சரி, 13,600 முழுவதும் ஒரே மோதலுக்குக் கிடைத்துவிடுமா? கிடைக்காது. இங்கேதான் 'மூன்று குவார்க்' என்ற பாடப்புத்தகப் படம் காலை வாரிவிடும். அந்த மூன்று குவார்க்கின் சொந்த நிறையைக் கூட்டினால் புரோட்டானின் நிறையில் ஒரு சதவீதம்தான் தேறும். மிச்சமெல்லாம் அவற்றின் ஓட்டமும், அவற்றைக் கட்டிவைத்திருக்கும் குளுவான் புலத்தின் ஆற்றலும். அந்தக் குளுவான்கள் சும்மா இருப்பதில்லை. ஒன்று இரண்டாகப் பிரியும், ஒரு குவார்க்-எதிர்க்குவார்க் ஜோடியாக மாறும், மறுபடி சேரும். வேகமாக ஓடும் புரோட்டானின் உந்தத்தில் ஏறக்குறையப் பாதியைச் சுமப்பது குளுவான்கள்தான். ஹாம்பர்க்கில் 1992 முதல் 2007 வரை ஓடிய ஹெரா முடுக்கி எலக்ட்ரானைப் புரோட்டான்மேல் மோதிப் பார்த்தது. புரோட்டானின் உந்தத்தில் மிகச் சிறிய பங்கை மட்டும் சுமக்கும் குளுவான்களைத் தேடத் தேட, எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

எல்.எச்.சி.யில் கனமான குவார்க் பிறப்பது பெரும்பாலும் இரண்டு குளுவான்கள் மோதித்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான தரவுகள் 13 டி.இ.வி.யில் எடுத்தவை என்பதால் அதையே வைத்துக்கொள்வோம். சார்ம் ஜோடிக்குக் குறைந்தது 2.6 ஜி.இ.வி. வேண்டும். அதை 13,000-ஆல் வகுத்தால் 0.0002. அதாவது இரு பக்கத்திலிருந்தும் வரும் குளுவான்கள் தத்தம் புரோட்டானின் உந்தத்தில் ஐயாயிரத்தில் ஒரு பங்கைச் சுமந்தாலே போதும். அப்படிப்பட்டவை உள்ளே மந்தை மந்தையாக இருக்கின்றன. டாப் ஜோடிக்கு 345-ஐ வகுத்தால் 0.027 வரும். அந்த அளவு உந்தத்தோடு வரும் குளுவான்கள் குறைவு. இரண்டு பக்கத்திலும் ஒரே நேரத்தில் வாய்ப்பது இன்னும் குறைவு. போதாததற்கு, குவார்க்கின் நிறை கூடக் கூட ஒவ்வொரு குளுவான் மோதலிலும் அது பிறக்கும் வாய்ப்பும் சுருங்குகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு 1995-ஐப் பாருங்கள். அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் டாப் கண்டுபிடிக்கப்பட்டது அந்த வருடம்தான். அங்கிருந்த டெவட்ரான் முடுக்கி புரோட்டானையும் எதிர்ப்புரோட்டானையும் 1.8 டி.இ.வி.யில் மோதியது. 345-ஐ 1,800-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 0.19. அவ்வளவு பெரிய பங்கைச் சுமக்கும் குளுவான் அரிது, ஆனால் குவார்க் உண்டு. எதிர்ப்புரோட்டானுக்குள் எதிர்க்குவார்க் தாராளமாகக் கிடைக்கும். அதனால் அங்கே டாப் பெரும்பாலும் குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் அழிந்துதான் பிறந்தது. எல்.எச்.சி.யில் அதே டாப் பத்துக்கு ஒன்பது தடவை குளுவான் மோதலில் பிறக்கிறது. பிறக்கிற பொருள் ஒன்றே, பிறக்கும் வழி மட்டும் வேறு.

ஏன் எப்போதும் 'ஜோடி' என்கிறேன்? குவார்க்குகளைக் கட்டிவைக்கும் வலுவிசை குவார்க்கின் வகையை மாற்றாது. ஒரு சார்ம் பிறந்தால் கூடவே ஒரு எதிர்சார்ம் பிறந்தாக வேண்டும். (டாப் தனியாகவும் பிறக்கும், அது வலுவற்ற விசையின் வேலை, இப்போது வேண்டாம்.) அந்த ஜோடி எப்போதும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பறக்கும் என்றும் நினைக்க வேண்டாம். மோதி முடிந்தபின் வெளியே பறக்கும் ஒரு குளுவான் வழியிலேயே பாட்டம்-எதிர்பாட்டமாகப் பிளந்தால், இரண்டும் ஒரே திசையில் ஒட்டிக்கொண்டு போகும். எல்.எச்.சி.யின் சி.எம்.எஸ். குழு 2011-இல் இரண்டு பாட்டம் ஹாட்ரான்களுக்கு (பாட்டம் குவார்க் மற்ற குவார்க்கோடு சேர்ந்து உருவாகும் துகள்கள்) இடையிலுள்ள கோணத்தை அளந்தபோது, இப்படி ஒட்டிப் போகிறவை கணிசமாக இருப்பது தெளிவாகத் தெரிந்தது.

இப்போது 'உள்ளே ஒளிந்திருந்ததா' என்ற கேள்வி. சுருக்கமான பதில்: பெரும்பாலும் இல்லை. குளுவான் ஒரு நொடிப்பொழுது சார்ம் ஜோடியாகப் பிரிந்து சேர்வதை ஒளிந்திருப்பது என்று நான் சொல்லமாட்டேன். அது மோதலின் ஆற்றலைப் பொறுத்து நாம் பார்க்கிற காட்சி. ஆனால் மோதலே இல்லாவிட்டாலும் புரோட்டானின் கட்டமைப்பிலேயே கொஞ்சம் சார்ம் நிரந்தரமாக இருக்கலாம் என்ற யோசனை 1980 முதல் உண்டு. ஸ்டான்லி பிராட்ஸ்கியும் அவரோடு இருந்தவர்களும் சொன்னது. 2022-இல் என்.என்.பி.டி.எஃப். குழு பல சோதனைகளின் தரவுகளைச் சேர்த்து அலசி, அதற்குச் சான்று இருப்பதாக நேச்சர் இதழில் எழுதியது. அவர்கள் கணக்குப்படி அந்தச் சார்ம் சுமப்பது புரோட்டானின் உந்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. எல்லாரும் ஒத்துக்கொண்ட முடிவு இல்லை அது. நானும் வேலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எப்படியானாலும் எல்.எச்.சி.யில் வந்து கொட்டும் சார்முக்கு அது காரணம் இல்லை.

எவ்வளவு கொட்டுகிறது? 13 டி.இ.வி.யில் இரண்டு புரோட்டான்கள் சிதறி உடையும் மோதலின் குறுக்குவெட்டுப் பரப்பு, அதாவது அது நடக்கும் வாய்ப்பைப் பரப்பாகச் சொல்லும் அளவு, சுமார் 80 மில்லிபார்ன். பாட்டம் ஜோடிக்கு அரை மில்லிபார்ன். ஆக நூற்றைம்பது, நூற்றறுபது மோதலுக்கு ஒன்று. சார்ம் அதைவிட ஏராளம், பத்து மோதலுக்கு ஒன்று என்ற அளவை எட்டும். டாப் ஜோடிக்கு 830 பிக்கோபார்ன்தான் (ஒரு மில்லிபார்னில் நூறு கோடி பிக்கோபார்ன்): பத்துக் கோடி மோதலுக்கு ஒன்று. ஆனாலும் எல்.எச்.சி. முழு வேகத்தில் ஓடும்போது நொடிக்குப் பதினைந்துக்கு மேல் டாப் ஜோடி பிறக்கிறது. 2015 முதல் 2018 வரை எல்.எச்.சி.யின் அட்லஸ் கருவிக்குள் மட்டும் பதினொரு கோடி ஜோடிக்கு மேல் பிறந்திருக்கின்றன. டெவட்ரானில் சில டஜன் நிகழ்வுகளை வைத்துக் கண்டுபிடிப்பை அறிவித்தார்கள் என்பதை நினைத்தால் பொறாமைப்பட வேண்டியது யார் என்று தெரியவில்லை.

அடுத்து, எனக்குப் பிடித்த பகுதி: முன்கூட்டியே கணக்குப் போட முடியுமா?

வலுவிசையின் தொல்லை என்னவென்றால், தூரம் கூடினால் அது வலுக்கும். ஆற்றல் கூடினால் தளரும். தளர்ந்த நிலையில் மட்டும்தான் பேனாவும் தாளும் வைத்துப் படிப்படியாகக் கணக்கிட முடியும். முதல் படி, அதற்குத் திருத்தம், அந்தத் திருத்தத்துக்கு ஒரு திருத்தம் என்று போகலாம். ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறிதாக இருக்கும். அப் குவார்க் ஜோடி பிறப்பதை இப்படிக் கணக்கிடப் போனால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள், ஏனென்றால் அதற்கு ஆற்றலே தேவையில்லை, விசை முழு வலுவில் இருக்கும். கனமான குவார்க்கோ பிறப்பதற்கே ஒரு குறைந்தபட்ச ஆற்றல் கேட்கிறது. அதன் நிறையே நமக்குத் தரைமட்டம் போட்டுக் கொடுக்கிறது. விசையின் வலுவைக் குறிக்கும் எண் டாப்பின் நிறையளவில் 0.11-க்குப் பக்கம், பாட்டம் நிறையில் 0.22 அளவு, சார்ம் நிறையில் 0.4-ஐ நெருங்குகிறது. 0.11 என்றால் திருத்தங்கள் மளமளவென்று சுருங்கும். 0.4 என்றால் ஒவ்வொரு திருத்தமும் முந்தையதோடு சண்டைக்கு வரும்.

டாப் விஷயத்தில் இந்தத் திட்டம் அழகாக வேலை செய்தது. 2013-இல் சக்கோன், ஃபீட்லர், மிட்டோவ் மூவரும் இரண்டாம் திருத்தம்வரை முழுக் கணக்கையும் முடித்தார்கள். 13 டி.இ.வி.க்கு அது சொல்லும் எண் 832 பிக்கோபார்ன். சில சதவீதப் பிழைக்குள் அளவீடும் அங்கேதான் நிற்கிறது.

பாட்டம்தான் கதை. பாட்டம் ஜோடிக்கான முதல் திருத்தத்தை நேசன், டாசன், எல்லிஸ் 1988-இல் கணக்கிட்டார்கள். 1990-களில் டெவட்ரானின் இரண்டு சோதனைக் குழுக்கள் அளந்து பார்த்தால், கணக்கைப்போல இரண்டு மூன்று மடங்கு வந்தது. பத்து வருடம் இந்த முரண்பாடு இழுத்தடித்தது. பாட்டத்தைக் கூடுதலாகப் பெற்றெடுக்கும் புதிய துகள்கள், மீச்சமச்சீர் கோட்பாடு சொல்லும் லேசான குளுவினோக்கள், இருக்கலாம் என்றுகூட 2001 வாக்கில் ஒரு யோசனை வந்தது.

விடை அவ்வளவு கவர்ச்சியானது இல்லை. பாட்டம் குவார்க்கை யாரும் நேரில் பார்ப்பதில்லை. அது பி மீசானாக (ஒரு குவார்க்கும் ஒரு எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள்) மாறியபின் அந்த மீசானின் சிதைவைத்தான் பார்க்கிறோம். குவார்க்கின் உந்தத்தில் எத்தனை பங்கு மீசானுக்குப் போகிறது என்று ஒரு சார்பு வேண்டும். அது எலக்ட்ரான்-பாசிட்ரான் மோதல்களிலிருந்து எடுத்தது. 0.7 பங்கு போகிறதா, 0.8 பங்கு போகிறதா? பெரிய வித்தியாசமா என்று தோன்றும். ஆனால் புரோட்டான் மோதலில் அதிக உந்தமுள்ள குவார்க்குகள் மிக வேகமாகக் குறைந்துகொண்டே போகின்றன, ஏறக்குறைய உந்தத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாக. அந்த நிலையில் ஒரு குறிப்பிட்ட உந்தத்தில் கிடைக்கும் மீசான் எண்ணிக்கை அந்தப் பங்கின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 0.7-இன் நான்காம் அடுக்கு 0.24. 0.8-இன் நான்காம் அடுக்கு 0.41. பங்கில் 0.1 மாறினால் எண்ணிக்கை 1.7 மடங்கு ஆகிறது! குவார்க்கின் பிறப்புக் கணக்கை ஒரு முறையிலும், பங்கைச் சொல்லும் சார்பை வேறொரு முறையிலும் எடுத்து இரண்டையும் ஒட்டுப்போட்டதில்தான் பெரும்பகுதி விட்டுப்போயிருந்தது. காச்சியாரியும் நேசனும் 2002-இல் இரண்டையும் ஒரே சீராகச் செய்து காட்டினார்கள். அதன்பின் வந்த புதிய டெவட்ரான் அளவீடுகளோடு சேர்த்துப் பார்த்தபோது முரண்பாடு ஏறக்குறையக் கரைந்துபோனது. புதிய துகள் எதுவும் தேவைப்படவில்லை.

என் கருத்தில் இந்தத் துறையின் முழுக் குணமும் இந்தச் சம்பவத்தில் இருக்கிறது. குவார்க் பிறப்பதைக் கணக்கிடுவதில் நாம் தேறிவிட்டோம். பிறந்தது எதுவாக மாறுகிறது என்பதில்தான் தடுமாறுகிறோம். இருபது வருடம் கழித்து சார்ம் அதே பாடத்தை இன்னும் பலமாக நடத்தியது. அதைச் சொல்வதற்கு முன்னால், சார்மை எப்படிப் பிடிக்கிறோம் என்று காட்டிவிடுகிறேன்.

சார்ம் பெரும்பாலும் டி மீசானாக மாறும். அவற்றில் டி-ஜீரோவுக்கு நிறை 1.865 ஜி.இ.வி., ஆயுள் ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் 0.4 பங்கு. ஒளிவேகத்தில் அந்த நேரத்துக்குள் 0.12 மில்லிமீட்டர் போகலாம். சார்பியல் தயவில் 10 ஜி.இ.வி. உந்தமுள்ள டி-ஜீரோ சராசரியாக 0.6 மில்லிமீட்டருக்கு மேல் பறக்கும். பிறகு நூறில் நான்கு தடவை ஒரு கேயானும் ஒரு பையானுமாக உடையும். உணர்கருவியில் நமக்குக் கிடைப்பது இரண்டு வளைந்த தடங்கள். அவற்றைப் பின்னோக்கி நீட்டினால் மோதல் நடந்த புள்ளியில் சேராமல், அரை மில்லிமீட்டர் தள்ளிச் சேரும். ஒன்றைக் கேயான் என்றும் மற்றதைப் பையான் என்றும் வைத்து இரண்டின் கூட்டு நிறையைக் கணக்கிட்டு ஒரு வரைபடத்தில் குவித்துக்கொண்டே போகவேண்டும். சம்பந்தமில்லாத ஜோடிகள் வரைபடம் முழுக்கச் சரிவாகப் பரவிக் கிடக்கும். 1.865-இல் மட்டும் ஒரு மேடு எழும்பும். அந்த மேட்டின் பரப்புத்தான் டி-ஜீரோ எண்ணிக்கை. எந்த அளவுகோலை வைத்துத் தடங்களை வடிகட்டுவது, சரிவை எந்த வளைவால் பொருத்துவது, கருவி பார்க்காமல் விட்டவை எத்தனை, இவற்றில்தான் ஒரு முனைவர் பட்டமே கழிந்துவிடும்.

பாட்டம் ஹாட்ரான்களின் ஆயுள் இதைப்போல நான்கு மடங்கு அளவு, அதனால் அவை மில்லிமீட்டர் கணக்கில் பறக்கும். எல்.எச்.சி.பி. கருவியின் சிலிக்கான் தகடுகள் கற்றையிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் தூரம்வரை நெருங்கி நிற்பது இதற்காகத்தான். டாப் மட்டும் தனிப்போக்கு. அதன் ஆயுள் மிகக் குறைவு. மீசானாக மாறுவதற்குள்ளேயே உடைந்துவிடும். ஆனாலும் ஒரு டாப் ஜோடி பிறக்கத் தேவையான ஆற்றலின் விளிம்பில் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகம் நிகழ்வுகள் இருப்பதை 2025-இல் சி.எம்.எஸ்., அட்லஸ் இரண்டும் அறிவித்தன. டாப்பும் எதிர்டாப்பும் உடையும் முன் ஒரு கணம் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதுபோல அது தெரிகிறது. டாப்பும் சும்மா விடவில்லை பாருங்கள்.

இப்போது சார்மின் பாடம். சார்ம் குவார்க் மூன்று குவார்க் கொண்ட பேரியானாகவும் மாறலாம். அவற்றில் எடை குறைந்தது லாம்ப்டா-சி. எலக்ட்ரான்-பாசிட்ரான் மோதலில் நூறு சார்முக்கு ஆறு லாம்ப்டா-சி ஆகும். இந்த விகிதம் எங்கும் ஒன்றுதான் என்பது முப்பது வருட நம்பிக்கை. குவார்க் எங்கே பிறந்தால் என்ன, தனியாகப் பறக்கும்போது எல்லாம் ஒன்றுதானே என்ற நியாயம். எல்.எச்.சி.யின் ஆலிஸ் குழு 5.02 டி.இ.வி. புரோட்டான் மோதலில் அளந்து 2022-இல் வெளியிட்டது: நூறுக்கு இருபது. டி-ஜீரோவின் பங்கு ஐம்பதுக்கு மேலிருந்து நாற்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது. இதனால் வந்த உடனடிச் சங்கடம், டி மீசானை மட்டும் அளந்து, பழைய விகிதத்தால் வகுத்துச் சொன்ன மொத்தச் சார்ம் எண்ணிக்கை எல்லாம் குறைத்துச் சொன்னதாகிவிட்டது. புதிய கணக்கில் அது ஏறக்குறைய நாற்பது சதவீதம் கூடியது. அந்தக் கூடிய எண், கோட்பாடு தரும் அகலமான பட்டையின் மேல்விளிம்பில் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஏன் இப்படி? புரோட்டான் மோதலில் சார்ம் தனியாகப் பறப்பதில்லை. சுற்றி ஒரே நேரத்தில் ஏகப்பட்ட குவார்க், குளுவான்கள். அக்கம்பக்கத்தில் இருக்கிற இரண்டு குவார்க்கைச் சேர்த்துக்கொண்டு பேரியானாவது சுலபமாகிறது என்பது ஒரு விளக்கம். குவார்க்குகளை இணைக்கும் வலுவிசைப் புலத்தின் இழைகள் கூட்டத்தில் மாறி மாறி முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன என்பது இன்னொன்று. மூன்றாவது, இன்னும் நாம் கண்டுபிடிக்காத கனமான சார்ம் பேரியான்கள் நிறைய இருந்து, அவை உடைந்து லாம்ப்டா-சி ஆகின்றன என்பது. இது வெப்பச் சமநிலைக் கணக்கின் வழி வருகிறது. அந்த வழிக் கணக்கில் உலகளவில் பேர் பெற்றவர் கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் ழான் கிளேமன்ஸ்; 2021-இல் மறைந்தார். ஆலிஸுக்குள் தென்னாப்பிரிக்காவைக் கொண்டுபோய்ச் சேர்த்ததிலும் அவருக்குப் பெரிய பங்கு. மூன்று விளக்கமும் இப்போதைக்குத் தரவோடு ஓரளவு ஒத்துப்போகின்றன. அதுதான் பிரச்சினையே. எது சரி என்று பிரித்துக் காட்ட, இன்னும் கனமான சார்ம் பேரியான்களையும் பாட்டம் பேரியான்களையும் துல்லியமாக அளக்க வேண்டியிருக்கிறது.

கனமான குவார்க்கால் கிடைத்த இன்னொரு அழகான அளவீட்டை ஒரே வரியில் சொல்லித் தாண்டுகிறேன். கனமான குவார்க் தான் போகும் திசையை ஒட்டிய ஒரு குறுகிய கூம்புக்குள் குளுவானை உமிழாது என்று 1991-இல் கணித்திருந்தார்கள். அதை ஆலிஸ் 2022-இல் சார்மை வைத்து நேரடியாகக் காட்டியது.

இனி கடைசிக் கேள்வி, தென்னாப்பிரிக்காவில் என்ன வேலை? நிறையவே. ஆலிஸில் ஐதெம்பா, கேப்டவுன், விட்ஸ் (விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம்) குழுக்கள் இருக்கின்றன. அட்லஸில் விட்ஸ், ஜோகானஸ்பர்க், கேப்டவுன் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஐதெம்பா ஆட்கள் கால் பதித்திருப்பது ஆலிஸின் முன்பக்க மியூவான் (எலக்ட்ரானின் கனமான உறவினர்) கருவியில். அதன் வழி கொஞ்சம் வேறு: டி மீசானை முழுசாகக் கட்டி எழுப்புவதில்லை. சார்மோ பாட்டமோ உடையும்போது பத்தில் ஒன்று அளவுக்கு ஒரு மியூவானைத் துப்பும், அதை மட்டும் பிடித்தால் போதும். மோதல் புள்ளிக்கு முன்னால் கார்பன், கான்கிரீட், எஃகு அடுக்கிய நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள தடுப்பு. மற்ற துகளெல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். தப்பிப் பிழைத்ததைத் தடமறியும் அறைகளிலும் காந்தத்திலும் அளந்தபின், 1.2 மீட்டர் தடிமன் இரும்புச் சுவர் ஒன்று. அதையும் தாண்டி வருவது மியூவான்தான் என்று நம்பலாம்.

ஆனால் எந்த மியூவான்? பையானும் கேயானும் தடுப்பைத் தொடும் முன்பே உடைந்து மியூவானைத் தரும். குறைந்த உந்தத்தில் இவை சார்ம் மியூவான்களை மூழ்கடித்துவிடும். அதனால் குறுக்குவாக்கு உந்தம், அதாவது கற்றைக்குச் செங்குத்தான திசையில் உள்ள உந்தம், 2 ஜி.இ.வி.க்கு மேல் என்று ஒரு கோடு போட்டு, மிச்சத்திலிருந்தும் பையான், கேயான் பங்கைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். சார்ம் எது, பாட்டம் எது என்று பிரிப்பதும் முன்பெல்லாம் கோட்பாட்டின் தயவில்தான். இப்போது தடுப்புக்கு முன்னாலேயே ஒரு சிலிக்கான் தடமறிவியைப் பொருத்தியிருக்கிறார்கள். மியூவான் எந்தப் புள்ளியிலிருந்து கிளம்பியது என்று அதில் தெரியும். பாட்டம் மியூவான் தள்ளிக் கிளம்பும், சார்ம் மியூவான் அவ்வளவு தள்ளாது. இந்தப் பிரிப்பில் இன்று ஆள் தேவை இருக்கிறது. கணினிக் கணக்கீட்டுக்கும் ஜெனீவா போக வேண்டியதில்லை. கேப்டவுனில் உள்ள தேசிய உயர்திறன் கணினி மையம் ஆலிஸ், அட்லஸ் இரண்டின் உலகளாவிய கணினி வலையிலும் ஒரு கண்ணி.

இதே வேலை வானத்திலும் நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்துக் கோடி ஜி.இ.வி. ஆற்றலுள்ள ஒரு விண்கதிர்ப் புரோட்டான் காற்றிலுள்ள அணுக்கருவை மோதும்போது, அந்த அணுக்கருவிலுள்ள ஒரு புரோட்டானோடோ நியூட்ரானோடோ நடக்கும் ஒவ்வொரு மோதலும் எல்.எச்.சி.யின் 13 டி.இ.வி.க்குச் சமம். அதிலும் சார்ம் பிறக்கும், உடனே உடைந்து நியூட்ரினோ தரும். தென்துருவப் பனிக்குள் இருக்கும் ஐஸ்கியூப் கருவி விண்வெளியிலிருந்து வரும் நியூட்ரினோக்களைத் தேடும்போது, இந்தச் சார்ம் நியூட்ரினோக்களின் கணக்கைக் கழித்தாக வேண்டும். அதற்கு மோதலின் முன்பக்கம், மிகச் சின்ன உந்தப் பங்குள்ள குளுவான்கள் எத்தனை என்று தெரியவேண்டும். அதைச் சொல்லும் தரவு எல்.எச்.சி.பி.யின் டி மீசான்களிலிருந்துதான் வருகிறது.

தம்பிக்கு இன்னும் ஆர்வம் இருந்தால் ஒரு வேலை தருகிறேன். செர்ன் பொதுத் தரவு தளத்தில் எல்.எச்.சி.பி. மாணவர்களுக்காக வைத்திருக்கும் டி-ஜீரோ பயிற்சியை எடுங்கள். இலவசம்தான், சாதாரண மடிக்கணினியே போதும். முதலில் கூட்டு நிறை வரைபடத்தைப் போடுங்கள். மேடு 1.865-இல் வராமல் பரவிக் கிடந்தால், கேயான் நிறையையும் பையான் நிறையையும் தடங்களுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். முதல் தடவை செய்கிறவர்களில் பாதிப் பேர் அங்கேதான் மாட்டுவார்கள். மேடு வந்தபின் அதன் ஆயுளை அளந்து, வந்த எண்ணை எனக்கு எழுதுங்கள். நொடியின் லட்சம் கோடிப் பிரிவில் 0.41-க்குப் பக்கத்தில் இல்லாவிட்டால், மோதல் புள்ளியிலேயே தொடங்காத டி-ஜீரோக்களை, அதாவது பாட்டம் உடைந்து வந்தவற்றை, எப்படி வடிகட்டுவது என்று அப்புறம் பேசலாம்.